கைக்கு வேறு வேலை

சின்னஞ்சிறு உருவங்களின்மீது மனிதனுக்கு உள்ள ஈடுபாடு மிகப் பழையது. பெரிய உலகைக் கையடக்கமாக்கித் தன்முன் வைத்துப் பார்ப்பதில் அவனுக்குத் தீராத ஆசை. நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண்பிள்ளைக்குச் சிறுதேர் உருட்டும் பருவம் என்று ஒன்றைத் தனியே வகுத்திருக்கின்றன. பாட்டிமார் பேத்திகளுக்கு மரப்பாச்சியைக் கொடுத்தார்கள். நவராத்திரி வந்தால் அண்டை வீட்டார் கொலுப்படி கட்டுகிறார்கள். திருவருகைக் காலம் பிறந்ததும் நாம் பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்குகிறோம். வைக்கோலும் பழைய செய்தித்தாளும் சுற்றிய மாதாவும் சூசையப்பரும் ஓராண்டு உறக்கத்திலிருந்து எழுந்து வருகிறார்கள். காதுடைந்த ஆட்டுக்குட்டியைக்கூட நாம் எறிவதில்லை. வைக்கோலில் சற்று மறைத்து வைத்துவிடுகிறோம்.

இந்த வரிசையில் சேர்த்து எண்ணப் பலரும் தயங்கும் ஒரு பொம்மையைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அது போர்ப் பொம்மை. ஈட்டியும் வாளும் துப்பாக்கியும் ஏந்தி நிற்கும் சிறு வீரன். அவனை வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி, வேண்டுமானால் உருவையே மாற்றி அமைப்பதை வாழ்நாள் பொழுதுபோக்காகக் கொண்டோர் மேலை நாடுகளில் ஏராளம். நம் ஊர்ப்பக்கம் அத்தகையோர் அரியர். ஆயினும் திருப்பூர் ராயபுரத்துச் சந்து ஒன்றில், எங்கள் வீட்டு மாடியறையில், கடந்த சில ஆண்டுகளாக அந்த வேலை நடந்துவருகிறது. அமைதியின் அரசரை வணங்குகிற வீட்டில் போர்ப் பொம்மைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன்.

மேசைமேல் ஒரு போர்க்களம்

ஒரு மேசை. அதன்மேல் அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்த குன்று, பாழடைந்த வீடு, சிறு காடு. இருபுறமும் இரு படைகள். வீரன் ஒவ்வொருவனும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். நம் கட்டைவிரலின் மேற்கணு அளவுதான். ஆடுவோர் இருவரும் அளவுநாடா பிடித்துத் தூரம் பார்த்து வீரர்களை நகர்த்துகிறார்கள். பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்கிறார்கள். இதுவே மேசைப் போர் விளையாட்டு.

கடையில் வாங்கும்போது வீரன் வீரனாக இருப்பதில்லை. தலை வேறு, கை வேறு, உடல் வேறு, ஆயுதம் வேறாக, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டுதுண்டாய்த் தொங்குவான். வாங்கியவரே வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி அவனை ஆளாக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது ஆட்டத்துக்காக மாதக்கணக்கில் தூரிகையோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஆட்டமே ஆடாமல் வண்ணம் தீட்டுவதோடு நிறைவடைபவர்களும் உண்டு.

இதன் வேர் நமக்கு அந்நியமானதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டத்துக்குள் நிறுத்திய சதுரங்கம் இந்திய மண்ணில் பிறந்தது. 1824ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ், நிலப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர் பயிலும் முறையொன்றை வெளியிட்டார். அரசகுமாரர்க்கும் படைத்தலைவர்க்கும் அது பாடமாயிற்று. 1893இல் இங்கிலாந்தில் பிரிட்டன் குடும்பத்தார் ஈயத்தை உள்ளே பொள்ளலாக வார்த்து மலிவான பொம்மை வீரர்களைச் செய்யத் தொடங்கினர். நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் படை கிடைத்தது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அந்த ஈய வீரர்களை வைத்து ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக எழுதினார். போர்வெறி கொண்ட பெரியோரை ஒரு மண்டபத்துக்குள் விட்டு, பொம்மைகளைக் கொடுத்து, அவர்கள் ஆசையை அங்கேயே தீர்த்துக்கொள்ளச் செய்யலாம் என்னும் கருத்தும் அந்நூலில் உண்டு. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பெரியோர் அந்த மண்டபத்துக்குள் போகவில்லை.

இன்று இத்துறையில் பெயர் பெற்று விளங்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1975இல் லண்டனில் தொடங்கியது. அதன் தலைமையிடம் இப்போது நாட்டிங்காம் நகரில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் திருப்பூர்க்காரன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நாட்டிங்காமை அடுத்த கால்வர்ட்டன் என்னும் சிற்றூரில்தான் 1589இல் வில்லியம் லீ என்ற போதகர் பின்னலாடை இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். நம் ஊரில் இரவும் பகலும் சுழலும் நிட்டிங் இயந்திரங்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. நமக்குச் சோறு போடும் தொழிலின் மூலமும் நான் சொல்லவந்த பொம்மையின் இருப்பிடமும் ஒரே மாவட்டம்!

சாயப்பட்டறைக் கண்

அந்த நாட்டிங்காமுக்கு மேற்படிப்புக்காகப் போன என் தங்கை மகன், 2022 டிசம்பரில் ஊர் திரும்பியபோது செருப்புப் பெட்டி ஒன்றைப் பத்திரமாகக் கொண்டுவந்தான். உள்ளே பனியன் துணியில் சுற்றிய இருபது முப்பது வீரர்கள். சிலர் இடைக்கால ஐரோப்பாவின் ஈட்டி வீரர்கள்; சிலர் மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்தவர்கள். பாதிப்பேருக்கு வண்ணம் தீட்டியிருந்தான். மீதிப்பேர் சாம்பலாக நின்றனர்.

“மாமா, உங்க கண்ணு கலர் லேப் கண்ணு. ஒண்ணை எடுத்துப் பாருங்களேன்” என்றான்.

நான் 1986 முதல் சாயப்பட்டறையில் நிறம் பார்க்கும் வேலை செய்தவன். வெளிநாட்டு வியாபாரி அனுப்பும் கையளவு துணித்துண்டின் நிறத்தை நம் துணியில் கொண்டுவர வேண்டும். பகல் வெளிச்சத்தில் பொருந்திய நிறம் கடை விளக்கின்கீழ் பொருந்தாமல் போகும். ஆகவே விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஒவ்வொரு வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒரே நிறமாக இருந்தால்தான் சரக்கு தேறும். எங்கேனும் திட்டுத் தெரிந்தால் லாட்டு முழுவதும் திரும்பிவரும். சீராக இருப்பதே எங்கள் தொழிலின் அறம்.

பொம்மையில் இந்த அறம் தலைகீழாகிறது. சீராகப் பூசப்பட்ட பொம்மை செத்த பொம்மை. உருவம் மிகச் சிறியதாகையால் அதன்மேல் விழும் வெளிச்சம் மடிப்பையும் மேட்டையும் பள்ளத்தையும் நம் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவதில்லை. தூரிகை பிடித்தவரே நிழலையும் ஒளியையும் சற்று மிகைப்படுத்தித் தீட்டியாக வேண்டும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அச்சின் விளிம்புக் கோட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு. அதன்மேல் அடிநிறம். வண்ணத்தைத் தண்ணீரில் நெகிழ்த்து மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். கெட்டியாக ஒரே முறையில் பூசினால் முகத்தின் நுணுக்கம் மூழ்கிப்போகும். அடுத்து, மிக நீர்த்த கருவண்ணத்தை மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் தானே தங்கி நிழலாகும். பின்னர் தூரிகையைப் பனியன் வேஸ்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த முனையால் மேடுகளை மட்டும் வெளிறிய நிறத்தால் தொட்டுக்கொண்டு போக வேண்டும். மூக்கு நுனி, கன்ன எலும்பு, விரல் முட்டி ஆகியவை அப்போது எழுந்து நிற்கும்.

கண்தான் சோதனை. முழுக்கண்ணும் ஒரு மில்லிமீட்டர் இராது. வெண்மையில் ஒரு கீற்று வைத்து, நடுவே மேலிருந்து கீழாகக் கருங்கோடு ஒன்று இழுக்க வேண்டும். புள்ளி வைத்தால் வீரன் பேயைக் கண்டவன்போல் விழிப்பான். அந்த ஒரு கோட்டுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரும்போது ஒன்று புலப்படுகிறது: பெட்டியில் கூட்டமாகக் கிடந்தவர்களில் ஒருவனை நாம் முதன்முறையாகத் தனியாளாகப் பார்க்கிறோம். மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மையும் குடில் பொம்மையும் ஒரே முற்றத்தில் உலர்த்திச் செய்யும் மண் கலைஞர்கள் உண்டு. முகம் தீட்டும்போது அவர்களும் இப்படித்தான் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் விலை ஒரு டெய்லரின் வாரச் சம்பளத்தையே விழுங்கிவிடக் கூடியது. ஆகவே புதிதாக வாங்குவதை நாங்கள் நாடவில்லை. இருந்தவர்களையே தீட்டினோம். தூரிகையும் வண்ணமும் உள்ளூர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைத்தவை.

அண்ணனின் விரல்கள்

என் அண்ணன் அடுத்த தெருவில் வசிக்கிறார். 1981இல் இராணுவத்தில் சேர்ந்து 17 ஆண்டுகள் பணியாற்றியவர். 1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதைத் தொடர்ந்து அமைதி காக்கும் படையாகக் கடல் கடந்து சென்றவர்களுள் அவரும் ஒருவர். அந்தப் படையின் கடைசி அணி 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். அங்கு வாழ்ந்த தமிழ் மக்கள் இழந்ததோ அதனினும் பெரிது. தமிழ் பேசும் மண்ணில், தமிழ் பேசும் வீரனாக, அவர் என்ன கண்டார், என்ன கேட்டார் என்பதை எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று வந்தபின் பனியன் கம்பெனி ஒன்றில் கேட்டைக் காக்கும் வேலை பார்த்தார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாளில் எந்தப் பொம்மையும் கிடைக்கும். பொம்மைத் துப்பாக்கி மட்டும் கிடைக்காது.

ஒரு நாள் மாலை மாடியேறி வந்தவர் மேசையைக் கண்டார். உட்காரவில்லை. “எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். பையன் முகம் சுருங்கிவிட்டது. நானும் ஒன்றும் பேசவில்லை.

நான்கு நாள் கழித்து அவரே மீண்டும் வந்தார். இம்முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் பூதக்கண்ணாடியை வாங்கி ஈட்டி வீரன் ஒருவனை நெடுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது கையை.

“பெரிய மாமா, உங்களுக்குப் பிடிக்கலைன்னா ஈட்டியை எல்லாம் வெட்டி எடுத்துடறேங்க” என்றான் பையன்.

“வெட்டி எடுத்துட்டா மட்டும் கை விரியாது கண்ணு. இங்க பாரு, பிடிச்ச பிடி அப்படியே இருக்கும்.”

தம் வலது கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தன.

“ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் காலையில எழுந்தா என் கை இப்படித்தான் இருக்கும். பிடிக்க ஒண்ணும் இல்ல. ஆனா கை மடங்கியே இருக்கும். உங்க அத்தைதான் பூ கட்டச் சொல்லி நாரைக் கையில குடுத்தா.”

அண்ணி சனிக்கிழமைதோறும் பீடத்துக்கு மல்லிகை கட்டித் தருபவர். அண்ணன் அவரருகே உட்கார்ந்து பூ கட்டுவதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு ஒத்தாசை என்றே அதைக் கருதிவந்தோம். அந்த நார் அவர் விரல்களுக்கு மருந்தாக இருந்தது என்பதை அன்றுதான் அவர் வாயால் கேட்டோம்.

“ஆயுதத்தைப் பிடுங்கினா போதாதுப்பா. அந்தக் கைக்கு வேற வேலை குடுக்கணும்” என்று சொல்லி வீரனைக் கீழே வைத்தார்.

மடங்கிய கை

அண்ணன் சொன்னது இக்கலையின் நுட்பமான உண்மை. பொம்மையை வெட்டி ஒட்டி வேறு உருவாக்கும் வேலைக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் ‘கன்வெர்ஷன்’. மதமாற்றத்தையும் மனமாற்றத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதுவே. அதில் மிகக் கடினமான பகுதி கைதான். வீரனின் முட்டி, ஈட்டித் தண்டோடு சேர்ந்தே அச்சில் வார்க்கப்பட்டது. தண்டை மேலும் கீழும் வெட்டி எறிந்தால் எஞ்சுவது ஒன்றும் பிடிக்காத இறுகிய முட்டி. அது ஆயுதம் ஏந்திய கையைவிடக் கோரமாகத் தெரியும். எவரையோ குத்த ஓங்கியதுபோல் இருக்கும்.

ஆகவே முட்டியின் நடுவே, சிறு கைத்துரப்பணத்தால் ஒரு மில்லிமீட்டர்த் துளை இட வேண்டும். விரல் உடையாமல் மெல்ல மெல்லத் திருக வேண்டும். அந்தத் துளைக்குள் புதிய தண்டு ஒன்றைச் செருக வேண்டும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தினால் கிடைக்கும் கம்பியே இதற்குப் போதும். ஒட்ட ஃபெவிக்விக். ஆடை, தலைப்பாகை, தாடி ஆகியவற்றை உருவாக்க, மேலை நாட்டார் பச்சை நிறப் பிசின்களிமண் பயன்படுத்துகிறார்கள். நமக்கு ஒழுகும் குழாயை அடைக்கும் எம்-சீல் இருக்கிறது. இரண்டு பாகத்தையும் பிசைந்தால் சற்று நேரம் களிமண்போல் வளைந்து கொடுக்கும். பின்பு கல்லாக இறுகிவிடும். ஊசி முனையில் தண்ணீர் தொட்டு அதற்குள் மடிப்பு வரைய வேண்டும்.

முதல் வீரனை யாராக மாற்றுவது? அண்ணனே சொன்னார்: “குமரனா மாத்துங்க.”

கொடி காத்த குமரனைத் திருப்பூரில் அறியாதவர் யார்? 1904இல் சென்னிமலையில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று இந்த ஊர்த் தெருவில் ஊர்வலம் சென்றபோது தடியடி பட்டுத் தலை பிளந்து விழுந்தவர். விழுந்தபோதும் கொடியைக் கைவிடாதவர். மறுநாள் உயிர் நீத்தார். அவர் பெயரால் அமைந்த சாலையில் தினமும் போகிறோம், வருகிறோம். அவர் கையும் இறுகித்தான் இருந்தது. ஆனால் அது பற்றியிருந்தது கொடித்தண்டு.

ஈட்டி இருந்த துளையில் கொடித்தண்டு ஏறியது. இரும்புக் கவசத்தின்மேல் எம்-சீலால் மெல்லிய கதர்ச்சட்டையும் வேட்டியும் போர்த்தினோம். கதருக்கு வேண்டிய அந்தப் பழுப்பு கலந்த வெண்மையைக் கலக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. தூய வெண்மையைப் பூசினால் அது மில் துணியாகிவிடும். பால்பவுடர் டப்பாவின் உள்மூடித் தகட்டைக் கத்தரித்துக் கொடி செய்தோம். 1931இல் காங்கிரஸ் ஏற்ற மூவண்ணக் கொடியின் நடுவில் இராட்டை உண்டு. விரல்நகம் அளவுள்ள தகட்டில் அந்த இராட்டையைப் பையன் மூன்று கீற்றில் கொண்டுவந்தான். அண்ணன் பூதக்கண்ணாடி வழியே பார்த்துத் தலையசைத்தார்.

துப்பாக்கி ஏந்தியவர்கள் எங்களை இன்னும் சோதித்தார்கள். அவர்களின் இரு கையும் மார்புக்குக் குறுக்கே மடங்கியவை. துப்பாக்கியைத் துண்டுதுண்டாகச் செதுக்கி எடுத்தபின், அந்த மடக்குக்குள் எது பொருந்தும் என்று பலவாறு வைத்துப் பார்த்தோம். விறகுக்கட்டு பொருந்தியது. துணி மூட்டை பொருந்தியது. எம்-சீலில் உருட்டிய ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்தியது. ஒரு கை கழுத்தடியிலும் ஒரு கை பின்னங்கால்களின் கீழுமாக, செய்த அச்சே அதற்கென்று செய்ததுபோல் இருந்தது. வாள்கள் கலப்பைக் கொழுவாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கண்டார். அங்கும் இரும்பை எறிந்துவிடுவதாக அவர் சொல்லவில்லை. அதே இரும்பு, வேறு வேலை.

குடிலுக்குள் ஒரு வீரன்

அந்த ஆண்டே அவர்கள் எங்கள் வீட்டுக் குடிலுக்குள் வந்துவிட்டார்கள். குடில் சுரூபங்கள் ஒரு சாண் உயரம். இவர்களோ விரற்கணு அளவு. ஆகவே பழுப்புத்தாள் மலையின் உச்சியில், கேழ்வரகு முளைகளுக்கு அப்பால் நிறுத்தினோம். அருகே பெரியது, தொலைவில் சிறியது என்று கண் ஏற்றுக்கொண்டது. நெடுந்தொலைவிலிருந்து இடையர்கள் இறங்கி வருவதுபோல் தோன்றியது.

குடிலுக்குள் இப்படிப் புதியவர்களைச் சேர்ப்பது திருச்சபைக்குப் புதிதன்று. 1223இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிரேச்சியோவில் அமைத்த குடிலில் சுரூபங்களே இல்லை. வைக்கோல் நிரம்பிய தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, சுற்றிலும் ஊர் மக்கள். 18ஆம் நூற்றாண்டின் நேப்பிள்ஸ் கலைஞர்கள் கம்பியும் சணலும் கொண்டு உடல் செய்து, சுட்டமண் தலை பொருத்தி, தங்கள் ஊர்ச் சந்தை முழுவதையும் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் ஆலயங்கள் அடைபட்டபோது, புரொவான்ஸ் பகுதி மக்கள் களிமண்ணில் சிறு குடில் உருவங்கள் செய்து வீட்டுக்குள்ளேயே விழா எடுத்தார்கள். மாவரைப்பவரும் மீன் விற்கும் பெண்ணும் அதில் இடம்பெற்றனர். ‘சாந்தோன்’ என்னும் அந்தப் பொம்மைப் பெயருக்குச் ‘சிறு புனிதர்’ என்பது பொருள்.

ஆனால் வேலெடுத்த வீரன் ஒருவனை, வேலோடு, அப்படியே குடிலில் வைக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது நானும் திகைத்தேன். அவர் கேட்டது ஒரே மாற்றம். கழுத்தில் அறுத்துத் தலையை மட்டும் திருப்பி ஒட்டச் சொன்னார். உடல் சாலையைப் பார்த்து நடக்க, முகம் தீவனத்தொட்டியைப் பார்த்தது.

அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்த மாலையில் பெரியவர் ஒருவர் அதைக் கண்டு கேட்டார்: “பாலன் பிறந்த இடத்துல பட்டாளத்தான் எதுக்குங்க? ஏரோதோட ஆளுங்கதானே குழந்தைகளைக் கொன்னாங்க?” கேள்வியில் நியாயம் இருந்தது. டிசம்பர் 28இல் நாம் நினைவுகூரும் மாசில்லாக் குழந்தைகளை வெட்டியது படைவீரர் கைதான்.

அண்ணன் மெதுவாகப் பதில் சொன்னார். யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வந்தவர்களில் படைவீரரும் இருந்தார்கள் அல்லவா? நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களும் கேட்டார்கள். யோவான் அவர்களைத் துரத்தவில்லை. எவரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், கூலி போதும் என்றிருங்கள் என்றார். “அந்தக் கேள்வி கேட்டவன் ஒருத்தன் இங்க நிக்கட்டும்” என்று முடித்தார். பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. செபமாலை தொடங்கியது.

ராயபுரத்துக் கைகள்

கைக்கு வேறு வேலை என்ற அந்தச் சொல்லை நான் பொம்மையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊர் கையால் வாழும் ஊர். கட்டிங் மாஸ்டரின் கை, ஓவர்லாக் தைக்கும் கை, பிசிறு வெட்டும் கை, செக்கிங் மேசையில் துணியைத் தடவியே குறை காணும் கை. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணைவரை நீர் கெட்டு, உழவர்கள் நீதி கேட்டதன்பேரில், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. ஆறு பிழைக்க அது வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாதங்களில் தேநீர்க்கடை முன்னும் ஆலய வளாகத்திலும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதரை நான் மறக்கவில்லை. அவர்களுள் நானும் ஒருவன். வேலை போனபின்னும் என் விரல்கள் எதிர்ப்படுபவர் சட்டைத் துணியைத் தொட்டு நிறம் பார்க்க நீளும்.

நாம் ஒருவனிடமிருந்து தீயதை விலக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். குடியை விடு என்கிறோம். விட்டவனின் மாலைப்பொழுதுக்கு எதையும் தருவதில்லை. சண்டையை விடு என்கிறோம். கைப்பேசியைக் கீழே வை என்று பிள்ளையை அதட்டுகிறோம். எடுத்துவிட்டோம் என்பது நம் கணக்கு. அவன் கையோ பிடித்த பிடியிலேயே மடங்கி நிற்கிறது. மனந்திரும்புதலில் துளையிடும் வேலை ஒன்று உண்டு, செருகும் வேலையும் ஒன்று உண்டு. இரண்டாவதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அண்ணனுக்கு அண்ணி இருந்ததுபோல.

என் தங்கை மகன் மீண்டும் வெளிநாடு போய்விட்டான். மாடியறை மேசையில் இப்போது வாரம் இருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐவர் உட்காருகிறார்கள். ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவனும் அவர்களில் உண்டு. அவனுக்குத் தமிழ் இன்னும் சரளமாக வரவில்லை. தூரிகை நன்றாக வருகிறது. சென்ற ஆண்டுக் குடிலுக்கு அவன் தீட்டிய இடையன், தன் தந்தையின் நிறத்தில், தந்தையின் கட்டம்போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

வரும் திருவருகைக் காலத்தில் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது, கை ஒடிந்தது, கோல் இழந்தது என்று ஒதுக்கிவைத்த பொம்மை ஏதேனும் உங்கள் வீட்டிலும் இருக்கும். எறிவதற்குமுன் அந்தக் கையைச் சற்றுப் பாருங்கள். ஒரு ஜெம் கிளிப்பும் சிறிது எம்-சீலும் போதும். வேலைக்குப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்; வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் எவரேனும் இருந்தால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.